எட்டாம் இலக்கப் பெட்டி

எண்பத்தைந்திலிருந்து தொண்ணூறு வரை நான் கூடுதலாகப் பழகியது ஒரு சோடி வயரோடுதான். பகிடிக்குச் சொல்லவில்லை. காங்கேசன்துறைப் பக்கம், கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தனியார் ஒருவரின் சுண்ணாம்பு ஆலை இருந்தது. கல்லை வெட்டிச் சூளையில் சுட்டு, அரைத்து, சாக்கில் கட்டி அனுப்புவார்கள். அங்கே கொன்ட்ரோல் றூமில் எனக்கு வேலை. தொடக்கத்தில் மூன்று பேர் இருந்தோம். ஒருவர் கொழும்புக்கும் மற்றவர் லண்டனுக்கும் போன பிறகு அவர்களுடைய கதிரைகள் மிஞ்சின. ஒன்றில் என் சோற்றுப் பார்சலை வைப்பேன். மற்றதில் காலை நீட்டுவேன்.

வீட்டிலும் அதே கதைதான். எண்பத்து மூன்றில் கொழும்பிலிருந்த என் தமையனின் வீடு எரிந்தது. அவர் குடும்பத்தோடு கனடாவுக்குப் போனார். பிறகு அம்மாவையும் கூப்பிட்டார். என்னையும் வரச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். சுன்னாகம் ஸ்டேஷனில் அம்மா ரயில் ஏறும்போது, “போறதெண்டால் போங்கோ, எனக்கு ஒருத்தரும் தேவையில்லை” என்றேன். அப்படிச் சொன்னால் அவர் இறங்கிவிடுவார் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை. அதற்குப் பிறகு உடுவில் வீட்டில் நான் மட்டும். அம்மாவிடமிருந்து மாதா மாதம் கடிதம் வரும். வாசிப்பேன், மறுமொழி போடமாட்டேன். எங்கள் பரம்பரையில் எல்லாருமே கோபக்காரர்தான். எனக்கு அது வந்தால் லேசில் இறங்காது.

ஆகவே வயர். ஆலையைக் கட்டியபோது வெள்ளைக்கார இஞ்சினியர்கள் இருவர் வந்து அதைப் பூட்டினார்கள். நாட்டு நிலைமையைப் பார்த்துப் பயந்து, பாதி வேலையில் ஒரு தடித்த புத்தகத்தை என் கையில் தந்துவிட்டு விமானம் ஏறிவிட்டார்கள். அந்தப் புத்தகத்தைப் படித்துத்தான் நான் மொட்பஸ் என்ற யந்திரப் பேச்சுமுறையைப் பழகினேன்.

பெயரைக் கேட்டுப் பயப்பட ஒன்றுமில்லை. ஆலையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் ஒரு சோடி வயர் ஓடும். வழி நெடுகப் பெட்டிகள் அதில் தொங்கும். சூளையின் வெப்பத்தைப் பார்ப்பது ஒன்று, காற்றடிக்கும் விசிறிக்கு ஒன்று, கல்லை நிறுத்துப் போடும் தராசுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். என் அறையிலிருந்த கொன்ட்ரோலர் மட்டும்தான் முதலில் வாய் திறக்கலாம். “ஒன்றாம் இலக்கம், உன் கணக்கைச் சொல்லு” என்று அது கேட்கும். கேள்வி எல்லாப் பெட்டிக்கும் கேட்கும். ஆனால் ஒன்றாம் இலக்கம் மட்டும் மறுமொழி சொல்லும். மற்றவை பேசாமல் இருக்கும். பிறகு இரண்டு, பிறகு மூன்று. ஒரு பெட்டி மறுமொழி சொல்லாவிட்டால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும், திரும்பக் கேட்கும், அதற்கும் சத்தமில்லை என்றால் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு அடுத்த இலக்கத்துக்குப் போகும். ஆனால் அடுத்த சுற்றில் அந்தப் பெட்டியையும் மறக்காமல் கேட்கும். கோபித்துக்கொள்ளத் தெரியாத யந்திரம். அதைப் பார்க்க எனக்குச் சில நாள் எரிச்சலாகவும் இருக்கும்.

கொன்ட்ரோலரின் நினைவில் பத்துப் பெட்டிகளுக்குத்தான் இடம். அதில் எட்டாம் இலக்கத்தைக் குவாரிக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். குவாரி என்பது கல் வெட்டும் கிடங்கு. ஆலையிலிருந்து அரை மைலுக்கு மேலே இருக்கும். ஆழமாக வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறும், அதை இறைக்க ஒரு பம்ப் கொட்டில். அங்கே டெலிபோன் இருந்தவரை பெட்டி தேவைப்படவில்லை. எண்பத்தெட்டில் டெலிபோன் செத்துப்போய், திருத்துவதற்கு ஒருவரும் வராதபடியால், ஸ்டோரில் கிடந்த பெட்டியை எடுத்து, கேபிளை இழுத்து, நானே கொட்டிலில் பூட்டினேன். எட்டு என்று கதவில் சிவப்புப் பெயின்றால் எழுதினேன்.

கொட்டிலுக்குப் பொறுப்பாக ஒருவர் இருந்தார். ஐம்பது வயது தாண்டிய, தெல்லிப்பளைப் பக்கத்துத் தோட்டக்காரர், மனைவி செத்துப்போனவர், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். ஒரே மகன் ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பிடித்து ஜெர்மனிக்கு வெளிக்கிட்டிருந்தான். மொஸ்கோவிலிருந்து ஒரு போஸ்ட் கார்ட் வந்தது. இனிமேல் எந்நேரமும் அடுத்த கடிதம் வரலாம் என்ற சந்தோஷத்தில் அவர் எனக்கு இளநீர் வெட்டித் தந்தார். பெட்டியின் கதவைப் பார்த்ததும்தான் முகம் மாறியது.

“தம்பி, வேறை நம்பர் இல்லையோ? எட்டெண்டால் சனியன்ரை நம்பரெல்லோ?”

“மின்சாரத்துக்குச் சனியனும் ஒண்டுதான் அண்ணை, வியாழனும் ஒண்டுதான்” என்று சொல்லிச் சிரித்துவிட்டு வந்தேன். சாதகம், சாத்திரம் எல்லாவற்றையும் பள்ளிக்கூடக் காலத்திலேயே நான் கைகழுவியிருந்தேன்.

அடுத்த கடிதம் வரவில்லை. மாதங்கள் போயின. சம்பளத்துக்கு அவர் ஒப்பிசுக்கு வரும்போது என் அறைக்குள் எட்டிப் பார்ப்பார். “ஒரு சங்கதியும் இல்லைத் தம்பி” என்று நான் கேட்கமுன்னமே சொல்வார். நான் தலையாட்டுவேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. அவர் போன பிறகு திரையில் எட்டாம் வரியைப் பார்ப்பேன். பம்ப் ஓடுகிறது, தண்ணீர் மட்டம் இவ்வளவு. அந்த எண்ணை அங்கே ஒரு மனிதன் உட்கார்ந்து அனுப்புவதாக எனக்கு ஒரு நினைப்பு. பெட்டிதான் அனுப்புகிறது என்று தெரியாதவன் அல்ல நான். ஆனாலும் மற்ற ஒன்பது வரிகளையும்விட அந்த வரியைத்தான் கூடுதலாகப் பார்த்தேன்.

எண்பத்தொன்பதில், கோடை தொடங்கும் நேரம், ஒரு பகல் கரண்ட் போய் வந்தது. வந்த கையோடு எட்டாம் இலக்கத்துக்குச் சிவப்பு விளக்கு. அது பரவாயில்லை. ஒன்பதாம் இலக்கம், தராசு, ஒரு தரம் சரியாகச் சொல்லும், அடுத்த தரம் வாயில் வந்ததையெல்லாம் உளறும். தராசின் கணக்குத் தெரியாமல் சூளைக்குக் கல் போட முடியாது. ஆலை நின்றது.

முதலில் தராசைத்தான் குற்றம் சொன்னேன். அதன் பெட்டியைக் கழற்றி, துடைத்து, வயர்களை மாற்றிப் பூட்டிப் பார்த்தேன். உளறல் நிற்கவில்லை. மனேச்சர் பின்னாலேயே நின்றார். “ஆரோ வேணுமெண்டு கை வைச்சிருக்கிறாங்கள். ஆளைக் கண்டுபிடியும், நான் ஆமியிட்டைப் பிடிச்சுக் குடுக்கிறன்” என்றார். அந்த நாட்களில் ஊரில் இந்திய இராணுவம் நின்றது, ஆமி என்ற சொல் விளையாட்டல்ல. பிடித்துக் கொடுக்கப்பட்ட எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை.

கடைசியில் குவாரிக்குப் போகும் கேபிளைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். தராசு உடனே தெளிவாகக் கதைத்தது. திரும்பக் கொழுவினேன், உளறியது. அப்போது பிடிபட்டது. குவாரிப் பக்கம் ஏதோ ஒன்று, தன்னைக் கேட்காத நேரத்தில் மறுமொழி சொல்கிறது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு வெயிலுக்குள் போனேன். கொட்டிலுக்குள் நுழைந்து பெட்டியைப் பார்த்தேன். கதவில் என் சிவப்பு எட்டு சுரண்டப்பட்டிருந்தது. அந்த இடத்தில் பச்சைப் பெயின்றில், வடிவான கையெழுத்தில், ஒன்பது. மேலே மூன்று குறி திருநீறு, நடுவில் சந்தனப் பொட்டு.

“அண்ணை, உதிலை கை வைச்சனீங்களோ?”

“ஐயோ, கை வைக்கேல்லைத் தம்பி. நம்பரை மட்டும் மாத்தினனான்.”

உள்ளே இலக்கம் வைக்கும் சின்னத் திருகு சுவிட்ச் ஒன்று உண்டு. நான் பூட்டும்போது அவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். கதவில் மட்டும் மாற்றினால் சனி பகவானை ஏய்க்க முடியாது என்று அதையும் ஒன்பதுக்குத் திருகிவிட்டார். அது நடந்தது முந்திய கிழமை. ஆனால் பெட்டி தன் இலக்கத்தை வாசிப்பது கரண்ட் வரும்போது மட்டும்தான். அதுவரை எட்டாகவே இருந்து, கரண்ட் போய் வந்ததும் ஒன்பதாகப் பிறந்திருக்கிறது. இப்போது கொன்ட்ரோலர் ஒன்பதைக் கூப்பிட, தராசும் பம்பும் ஒரே நேரத்தில் மறுமொழி சொல்கின்றன.

நான் கத்தினேன். நன்றாகக் கத்தினேன். “ஒரு நம்பரிலை ரெண்டு பேர் நிண்டால் ரெண்டு பேற்றை கதையும் ஒண்டுக்கை ஒண்டு விழுந்து குழம்பும். கேக்கிறவனுக்கு ஒருத்தற்றை மறுமொழியும் விளங்காது. உங்களுக்கு விசரே?”

அவர் சால்வையைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், பயந்துவிட்டார். “உந்தப் பெட்டி வந்த பிறகுதான் பெடியன்ரை காயிதம் நிண்டது. எனக்கு வேறை என்ன செய்யத் தெரியும், சொல்லும்? நான் ஆற்றையும் கதையைக் குழப்பவெண்டு செய்யேல்லை.”

அதற்குப் பிறகு கத்த முடியவில்லை. திண்ணை கிண்ணை ஒன்றும் இல்லாத கொட்டில்; இரண்டு பேரும் பம்பின் சீமெந்துக் கட்டின்மேல் குந்தியிருந்தோம். எட்டுக்கே திரும்பத் திருகலாம், அரை நிமிட வேலை. அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. பத்து இலக்கமும் பத்துப் பெட்டிக்கும் சரியாக இருந்தது. எட்டை யாராவது ஒருவர் சுமந்தே ஆகவேண்டும். யோசித்தேன். பத்தாம் இலக்கம் என் சொந்த அறையின் வெப்பத்தைப் பார்க்கும் பெட்டி. அதன் கணக்கால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. குவாரியைப் பத்தாக்கிவிட்டு, என் அறைப் பெட்டியை எட்டாக்கினேன். கொன்ட்ரோலரில் இரண்டு வரி மாற்றினால் முடிந்தது. கரண்டை நிறுத்திப் போட்டேன், பத்துப் பெட்டிகளும் வரிசையாக மறுமொழி சொல்லின. குவாரிப் பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டியிருந்தது என்று மனேச்சரிடம் சொன்னேன். எறும்பை ஆமியிடம் பிடித்துக் கொடுக்க முடியாதபடியால் விஷயம் அத்தோடு நின்றது.

அடுத்த சம்பளத்துக்கு வந்தபோது அவர் என் அறைக்குள் வந்து, கதிரைக்கு மேலே சுவரிலிருந்த பெட்டியைக் கண்டார். எட்டு என்று நான் பெரிதாகவே எழுதியிருந்தேன்.

“உதென்ன தம்பி? உதை ஏன் உம்மடை தலைக்கு மேலை கொழுவி வைச்சிருக்கிறீர்?”

“எனக்கென்ன அண்ணை. நான் ஆற்றையும் காயிதத்துக்குக் காத்திருக்கேல்லை.”

அவர் சிரிக்கவில்லை. “தாய் தேப்பன்?”

“அப்பா இல்லை. அம்மா கனடாவிலை.”

“காயிதம் போடுறவவோ?”

“போடுறா.”

“நீர்?”

நான் திரையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கதவடியில் நின்றுகொண்டே கேட்டார். “உம்மடை நட்சத்திரம் என்ன?”

“தெரியாது.”

பொய் என்று நினைத்தார். யாழ்ப்பாணத்தில் தன் நட்சத்திரம் தெரியாத சைவப் பிள்ளை இருக்குமா? உண்மையிலேயே எனக்குத் தெரியாது. அம்மா கோயிலில் சொல்லும்போது நான் வீம்புக்கு வெளியே நிற்பேன். சாதகக் கட்டு அவருடைய சூட்கேஸோடு போய்விட்டது. அன்றைக்கு அண்ணை போன பிறகு கனநேரம் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. என் தலைக்கு மேலே என்ன தொங்குகிறது என்று ஒரு மனிதர் கவலைப்பட்டு எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன்.

புரட்டாதி மாதம் வந்தது. புரட்டாதிச் சனி என்றால் எங்கள் பக்கத்தில் சிவன் கோயில்களில் இடம் கிடையாது. சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்து, பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்விப்பார்கள். கடைசிச் சனி கழிந்த திங்கட்கிழமை, அண்ணை சம்பள நாளில்லாத நாளில் என்னிடம் வந்தார். கடதாசிச் சரையில் சுற்றிய கொஞ்சம் திருநீறு தந்தார்.

“உமக்கும் சேத்துச் செய்விச்சனான், எல்லாச் சனியும்.”

“நட்சத்திரம்?”

“உம்மடை தெரியாதெல்லோ. பெடியன்ரை அத்த நட்சத்திரத்திலையே உம்மடை பேரையும் சொன்னனான்.” பிறகு, வந்த விஷயத்துக்கு வந்தார். குரல் இறங்கிவிட்டது. “தம்பி, உம்மைத்தான் ஒண்டு கேக்கவேணும். ஒரு நம்பரிலை ரெண்டு பேர் நிண்டால் மறுமொழி குழம்பும் எண்டு அண்டைக்குச் சொன்னனீர். நான் ஒரு நட்சத்திரத்திலை ரெண்டு பேரை விட்டிட்டன். என்ரை பெடியன்ரை மறுமொழியும் குழம்பிப் போகுமோ?”

வேறு யாராவது கேட்டிருந்தால் ஒரு கிழமைக்குச் சொல்லிச் சிரித்திருப்பேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தடித்த புத்தகத்தில் அதற்கு மறுமொழி இல்லை.

“என்னை விடுங்கோ அண்ணை. அவனுக்கு மட்டும் செய்யுங்கோ.”

“விடேலாது. நீர் உதுக்குக் கீழை இருக்கிறீர்” என்று சுவரைக் காட்டினார்.

அவரிடமிருந்த ஒன்றே ஒன்று மகனுக்கான அந்த வேண்டுதல். அதில் பாதியை எனக்குத் தந்துவிட்டு, மகனின் பங்கு குறைந்துவிடுமோ என்று பயந்துகொண்டு போனார். அதைச் சரிசெய்ய ஒரே ஒரு வழிதான் இருந்தது. நான் அம்மாவுக்குக் கடிதம் எழுதி என் நட்சத்திரத்தைக் கேட்கவேண்டும்.

சின்ன வேலைதான். பொங்கல் கழியும் வரை இழுத்தேன். எழுதுவேன், கிழிப்பேன். ரயிலடியில் சொன்ன சொல் பேனையில் வந்து குந்திக்கொள்ளும். மாசியில் ஒரு நாள், “என்ரை நட்சத்திரம் என்ன? ஒருவருக்குச் சொல்லவேணும்” என்று மட்டும் எழுதி, கையெழுத்துப் போட்டு, மருதனார்மடத்துத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சைக்கிள் மிதித்தேன். அப்போது தபால் ஆடி அசைந்துதான் வரும். மறுமொழி வருமுன்னர் தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது. காங்கேசன்துறைப் பக்கம் ஷெல் விழ, சனம் கையில் அகப்பட்டதோடு தெற்கே ஓடியது. ஆலைக்குப் போகும் றோட்டே மூடப்பட்டது. நான் கடைசியாக அறையைப் பூட்டியபோது திரையில் பத்து வரிகளும் சரியாக இருந்தன.

அம்மாவின் கடிதம் எத்தனையோ கை மாறி ஒரு நாள் வந்தது. “சதயம். மூன்றாம் பாதம். இங்கே ஒரு கட்டிடத்தின் நிலக்கீழ் அறையில் பிள்ளையாரை வைத்துக் கும்பிடுகினம். மாதா மாதம் உன் பேருக்குச் செய்விக்கிறன். நீ கேட்டதே எனக்குப் போதும் அப்பன்.” கிணற்றடியில் நின்று அழுதேன். வீட்டில் கேட்க ஆளில்லாதபடியால் சத்தமாகவே அழுதேன். அன்றைக்கே மறுமொழி எழுதினேன். பிறகு அம்மா கேட்டதற்கெல்லாம் மறுமொழி போட்டேன்.

சதயத்தை எடுத்துக்கொண்டு அண்ணையைத் தேடினேன். அகதிகள் இருந்த பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போனேன். தெல்லிப்பளை ஆட்களைக் கண்டால் மறித்துக் கேட்டேன். வன்னிக்குப் போயிருப்பார் என்றார் ஒருவர். ஷெல்லில் முடிந்திருக்கும் என்றார் இன்னொருவர். தன் கண்ணால் கண்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. மகனின் கடிதம் வந்திருந்தாலும் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வீடில்லை.

அந்தப் புரட்டாதியிலிருந்து சனிக்கிழமைகளில் நான் கோயிலுக்குப் போகத் தொடங்கினேன். எனக்குப் பக்தி வந்துவிட்டது என்று உடுவிலில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். நான் கொன்ட்ரோலரின் வேலையைத்தான் செய்தேன்: மறுமொழி வராத இலக்கத்தை அடுத்த சுற்றிலும் கேட்க வேண்டும். தொண்ணூற்றைந்தில் ஊரே எழும்பிப் போகும்வரை ஒரு வருஷமும் விடவில்லை.

முதல் வருஷம் இரண்டு தட்டு வாங்கினேன். ஒன்று மகனுக்கு, அவனுடைய பெயர், அத்தம் நட்சத்திரம். அதில் வேறு யாரையும் சேர்க்கக்கூடாது, தனியாகவே செய்யவேண்டும் என்று ஐயரிடம் பிடிவாதம் பிடித்தேன். பின்னால் நின்ற சனம் முணுமுணுத்தது. செய்து முடித்துவிட்டு ஐயர் மற்றத் தட்டை எடுத்தார்.

“இது ஆற்றை பேருக்கு?”

அண்ணையின் பெயரைச் சொன்னேன்.

“நட்சத்திரம்?”

அண்ணை அன்றைக்கு என் நட்சத்திரத்தைக் கேட்டிருந்தார். அதற்காகக் கடலைத் தாண்டிக் கடிதம் போய் வந்தது. அவருடைய நட்சத்திரம் என்ன என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. ஐயர் பூவைக் கையில் வைத்துக்கொண்டு காத்து நின்றார். தெரியாது என்றால் சுவாமி பேரில் செய்யலாம் என்றும் சொன்னார்.

“சதயம்” என்றேன்.

“உங்கடை பேரைச் சொல்லேல்லையே. உங்களுக்குச் செய்யிறேல்லையோ?”

“எனக்கும் அதுதான் ஐயா. ரெண்டு பேரையும் சேத்தே சொல்லுங்கோ.”